பட்டினி வெள்ளை

நீலத் தொட்டிக்குள் மீன் ஒரு தடவை திரும்பியது. எத்திராஜ் வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார், மஞ்சள். இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார், வெள்ளை. மறுபடியும் வலது கண்ணை மூடினார். மஞ்சள்தான், பழைய தலையணையின் உறையைக் கழற்றினால் உள்ளே தெரியுமே அந்த மஞ்சள். கண்ணில் தூசி விழுந்தவர் மாதிரி துண்டு நுனியால் இமையைத் துடைத்துக்கொண்டார். பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தெரிய வேண்டும். ரெட்டேரிப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில், பந்தி போடும் கூடத்தில் மேசைகளை மடக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, வட்ட வட்டமாக இந்தத் தொட்டிகளை வைத்திருந்தார்கள். வண்ணமீன் வளர்க்கிறவர்களின் சங்கம் வருஷந்தோறும் நடத்துகிற கோய் மீன் போட்டி. கோய் மீனைக் கண்ணாடித் தொட்டியில் போட்டுப் பக்கத்திலிருந்து பார்ப்பது விவரம் தெரியாதவர்கள் வேலை. அது மேலிருந்து பார்ப்பதற்கென்று பிறந்த மீன். எத்திராஜுக்கு மீனைத் தரம் பிரிக்கிற இந்தத் தொழில் பிடித்துப்போனதற்கே அதுதான் காரணம், குனிந்தே இருக்கலாம், யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. மைக்கைக் கொடுத்தால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் சங்கத்துக்காரர்கள் அவருக்காகவே ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். கொடியில் துணிக்குப் போடுகிற கிளிப், பச்சையும் சிவப்புமாக அவர் சட்டைப்பையில். தொட்டி விளிம்பில் பச்சை மாட்டினால் மீன் அடுத்த சுற்றுக்குப் போகும். சிவப்பு மாட்டினால் கழிந்தது. ஏன் எதற்கு என்று யாரும் கேட்கமாட்டார்கள். எத்திராஜ் கண்ணுக்கு ஏன் எதற்கு கிடையாது. இன்றைக்கும் காலையிலிருந்து அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது, வரிசையில் கடைசிக்கு முந்தின இந்தத் தொட்டி வரும்வரை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் மாசிலாமணி நின்றான். பக்கத்தில் அவன் பெண்டாட்டி ஜெகதா. கையில் பிளாஸ்டிக் வாளி, வாளிக்குள் ஈரச் சாக்கு. “அண்ணா, இவ பண்ணின வேலையப் பாருங்கண்ணா,” என்று மாசிலாமணி பல்லைக் காட்டினான், அழுகிறவன் பல்லைக் காட்டுவது மாதிரி. “மூணு வருஷமாப் பொன்னேரியில அவ அக்கா வீட்டுத் தொட்டியில ஒளிச்சு வெச்சு வளர்த்திருக்கா. போன வாரந்தான் வாயத் தொறக்கிறா. என் மகராசி மீனு போட்ட குஞ்சாம். நீங்க கழிக்கச் சொன்ன கும்பல்ல ஒண்ணு. வெள்ளை எப்படி இருக்குன்னு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீங்க சொன்னா நான் நிம்மதியாத் தூங்குவேன்.” ஜெகதா மீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “ஒரே ஒரு செம்பு மொண்டேன்,” என்றாள். “அவ்வளவு குஞ்சையும் இவரு பிளீச்சிங் பவுடர் போட்டுக் கொன்னாரு. நான் ஒரு செம்பு மொண்டேன்.”

மூன்று வருஷம். ஒரு செம்பு. செம்பில் எத்தனை குஞ்சு இருக்கும், அந்த அளவில் முப்பது, நெருக்கினால் நாற்பது, பிழைத்தது ஒன்று. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. வெள்ளை உடம்பில் சிவப்புத் திட்டு, கொஹாக்கு என்று சொல்கிற வகை, வகைகளில் முதல் வகை. சிவப்பும் வெள்ளையும் தவிர வேறு ஒன்றும் இல்லாததால் இதில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. ஷோவா வகையில் கறுப்பு வந்து பாதிக் குற்றத்தை மூடிவிடும். சாங்கே வகையில் தலையில் ஒரு கறுப்புப் பொட்டு விழுந்திருந்தால் குனிய வேண்டிய அவசியம்கூட இல்லை, நின்ற வாக்கிலேயே சிவப்பு மாட்டலாம். கொஹாக்குவில் குனிய வேண்டும். குனிந்தார். தலையில் சிவப்பு இருக்கிறதா, இருக்கிறது, கண்ணுக்கு இறங்காமல், மூக்குக்கு முன்னால் நின்றிருக்கிறது. அடுத்த திட்டு தோளில், அடுத்தது முதுகு முடிகிற இடத்தில், வாலுக்கு முன்னால் வெள்ளை விட்டிருக்கிறதா, விட்டிருக்கிறது, அளந்து விட்ட மாதிரி. சிவப்பின் விளிம்பு செதிலுக்குச் செதில் அறுத்துவைத்தது போல நிற்கிறது. தோள் அகலம். அந்தத் தோள் யாருடையது என்று அவருக்குத் தெரியும். மகராசியின் தோள். மாசிலாமணி அந்தத் தாய் மீனுக்குப் பேர் வைத்து, பேரைச் சொல்லிக் கூப்பிட்டுத் தீனி போடுவான், பைத்தியக்காரன். குற்றம் இருக்கும். இல்லாத மீன் இல்லை. ஒரு துடுப்பில் சிவப்புக் கசிவு, உதட்டோரம் ஒரு புள்ளி, வால் ஒரு பக்கம் மடங்குவது, ஏதாவது ஒன்று. மீனே, ஏதாவது ஒன்று கொடு. மீன் அவருக்கு அடியில் வந்து நின்று செவுளை மூடித் திறந்தது. இடது கண்ணை மூடினால் அதன் முதுகிலிருந்து ஒரு வெள்ளை எழும்பி வந்து கண்ணில் குத்துகிறது. இப்படி ஒரு வெள்ளையை அவர் எப்போது பார்த்தார். போன மாசம் பார்த்தார். ஆஸ்பத்திரியில், வலது கண் கட்டைப் பிரித்தபோது. புரை முற்றி உரித்து எடுத்துவிட்டு உள்ளே கண்ணாடி வைத்திருந்தார்கள். கட்டைப் பிரித்ததும் எதிரே சுவர். “புதுசா வெள்ளையடிச்சீங்களாம்மா?” என்று நர்ஸ் பெண்ணிடம் கேட்டார். அது சிரித்தது. “அந்தச் சுவர் அழுது வடியுது தாத்தா. நான் வேலைக்குச் சேர்ந்ததிலேர்ந்து பெயிண்டே பார்க்கலை.” இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டு அதனிடமும் சொல்லிச் சிரித்தது. அவரும் சிரித்தார். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து கொடியில் கிடந்த வேட்டியைப் பார்க்கும்வரை தோன்றவில்லை. அந்த வேட்டிக்காக மருமகள் சுகந்தியை அவர் எவ்வளவு பேசியிருக்கிறார். “ஒரு வேட்டியை வெள்ளையாத் துவைக்கத் தெரியலை, உங்க வீட்டுல என்ன கத்துக்கொடுத்தாங்க.” அவள் சோப்பை மாற்றினாள், நீலம் போட்டாள், தனியாக ஊறவைத்தாள், கடைசியில் ஒரு நாள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள், சத்தம் கேட்டது. வேட்டி கொடியில் பால் மாதிரி தொங்கியது. ஒரு கண்ணை மூடினார். பழுப்பு. மற்றக் கண்ணை மூடினார். பால். சுகந்தி பின்னாலிருந்து, “என்ன மாமா, கண்ணு உறுத்துதா?” என்றாள். “வேட்டி பழுப்பாத்தான் இருக்கு,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

படுத்துக்கொண்டு எண்ணினார். அவருக்கு எண்ணுவது பழக்கம், ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன படிப்பில் ஒட்டிக்கொண்டு வந்தது அது ஒன்றுதான். குஞ்சுகளை வெள்ளைப் பீங்கான் தட்டில் பரப்பி இது நிற்கட்டும், இது போகட்டும் என்று பிரிக்கும்போது உதடு தானாக எண்ணும். எந்த வருஷத்திலிருந்து வெள்ளை கெட ஆரம்பித்தது. அவர்தானே முதலில் சொன்னார், “இப்பல்லாம் முந்தி மாதிரி வெள்ளை வர்றதில்லை.” தீனி சரியில்லை என்றார். போர்த் தண்ணீர் உப்பாகிவிட்டது என்றார். விதையே கெட்டுவிட்டது, சொந்தத்துக்குள்ளேயே சேர்த்துச் சேர்த்து ரத்தம் நீர்த்துவிட்டது என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். தீனியை மாற்றினார்கள். லாரித் தண்ணீர் வாங்கினார்கள். இருந்தும் எத்திராஜ் அண்ணன் பார்த்தால் மஞ்சள் ஓடுகிறது. நம் கண்ணுக்குத் தெரியவில்லையே என்று ஒருவன் இழுத்தால், “உங்களுக்கு இன்னும் மேலே வரலை. அடியில இருக்கு. ரெண்டு வருஷத்துல வரும், அப்ப என்னைத் தேடுவீங்க,” என்பார். ரெண்டு வருஷம் காத்திருக்க எவனிடம் தொட்டி இருக்கிறது. கழித்துவிடுவார்கள். கழித்துவிட்ட மீன் மஞ்சளானதா இல்லையா என்று யார் வந்து சொல்வது. மாசிலாமணி தோட்டத்துக்கு அவர் போனது ஒரு பங்குனி மாசம், நல்ல வெயில், கூரைத் துணியை விலக்கச் சொல்லி நேர் வெளிச்சத்தில்தான் பார்த்தார், அதில் அவர் குறை வைக்கவில்லை. தட்டில் குஞ்சுகள் சிவப்பு மிளகாய் விதையும் உப்புமாகச் சிதறி ஓடின. ஒன்று விடாமல் மஞ்சள். தாயைக் கொண்டுவரச் சொன்னார். தாயும் மஞ்சள். “இந்த வம்சமே வேண்டாம் மாசிலா. இதை வெச்சிருந்தா உன் பேரு கெட்டுடும். தாயோட முடிச்சிடு.” தண்ணீரைப் பார்த்துத்தான் சொன்னார், அவனைப் பார்க்கவில்லை. கைகழுவத் தண்ணீர் மொண்டு நின்ற ஜெகதா, “எனக்கு வெள்ளையாத்தானே தெரியுது,” என்றாள். சொல்லி முடிக்கவில்லை, மாசிலாமணி கை அவள் கன்னத்தில் விழுந்தது. “அண்ணன் கண்ணைவிடப் பெரிய கண்ணா உனக்கு?” செம்பு தரையில் உருண்டது. எத்திராஜுக்கு அந்த அடி உறுத்தவில்லை. அதை இப்போது நினைத்துப் பார்த்தார், உறுத்தியதா என்று. இல்லை. ஒரு சின்னச் சந்தோஷம்கூட இருந்தது. நாலு நாள் கழித்து மாசிலாமணி வந்தான், வாசலிலேயே உட்கார்ந்தான். “முடிச்சிட்டேண்ணா. குஞ்சுங்க பவுடர்ல உடனே போயிடுச்சு. மகராசி போகலைண்ணா. பவுடர் தண்ணியில மெதந்துகிட்டு வாயைத் தொறந்து தொறந்து என் கைக்கே வருது, தீனின்னு. தூக்கி வெளிய போட்டேன். மத்தியானம் வரைக்கும் செவுள் அடிச்சுது. அப்புறம் குழவியால...” அவன் அழுதான். எத்திராஜ் அவன் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தார், முடி கொட்டி நடுவில் ஒரு வட்டம் விழுந்திருந்தது. “நல்லது செஞ்சே,” என்றார். அதற்கப்புறம் அவன் மீனே வளர்க்கவில்லை. தோட்டத்தைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறான். ஆனால் வருஷா வருஷம் போட்டிக்கு வந்து கயிற்றுக்கு வெளியே நின்று பார்ப்பான். பார்த்துவிட்டுப் பக்கத்தில் நிற்கிறவனிடம் சொல்வான், “அண்ணன் மட்டும் சொல்லலைன்னா நானும் இப்படிக் கெட்ட ரத்தத்தை வெச்சிக்கிட்டு நின்னிருப்பேன்.”

மேலே மின்விசிறி சுற்றித் தொட்டித் தண்ணீரில் நிழல் வெட்டி வெட்டிப் போனது. எது என் கண். அறுபது வருஷத்துக்கு மேல் இந்த உடம்போடு வளர்ந்த கண் இடது கண். மீனைப் பிரிக்கக் கற்றுக்கொண்டது அது. வலது கண்ணில் இருப்பது எவனோ எந்த ஊரிலோ செய்து டப்பாவில் அடைத்து அனுப்பிய கண்ணாடி. ஒரு மாசக் கண்ணாடி சொல்கிறது என்பதற்காக ஒரு ஆயுசுக் கண்ணைப் பொய் என்று சொல்லிவிட முடியுமா. அந்த டாக்டர் கைதவறி நீலம் கலந்த கண்ணாடியை வைத்திருக்கலாம். வைத்திருக்கலாம்தானே. அதைக் கேட்டும்விட்டார், அடுத்த முறை காட்டப் போனபோது, மெதுவாக, மேசையைப் பார்த்துக்கொண்டு. “சார், இந்தக் கண்ணுல வெள்ளை கொஞ்சம் ஜாஸ்தியாத் தெரியுது.” டாக்டர் எழுதிக்கொண்டே, “அதுதான் நிஜ வெள்ளை. அந்தக் கண்ணு பல வருஷமா டிகாக்‌ஷன் வழியாப் பார்த்துக்கிட்டு இருக்கு. அதையும் அடுத்த மாசம் எடுத்துடலாம்,” என்றார். எத்திராஜ் வேண்டாம் என்றார். பயமா என்றார் டாக்டர். ஆமாம் என்றார். பயம்தான். அதையும் எடுத்துவிட்டால் மஞ்சளைப் பார்க்க உலகத்தில் ஒரு இடமும் இருக்காது. அப்புறம் அந்த வேட்டி, அந்தச் சுவர், அந்தத் தட்டு, தட்டில் ஓடின அத்தனையும்... மாசிலாமணி ஒருத்தனா. திருவள்ளூர்ப் பக்கம் ஒருத்தன் மொத்தத்தையும் கோழிப்பண்ணைக் குழியில் கொட்டினான். புழல் பக்கத்து அண்ணன் தம்பி இரண்டு பேர் விதை மீன் யார் வாங்கியது, யார் ஏமாந்தது என்று அடித்துக்கொண்டு தனித்தனி அடுப்பு வைத்தார்கள். எண்ணாதே. உதடு எண்ண ஆரம்பித்துவிட்டது. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடி வீட்டில் அலமாரிக்குள் இருக்கிறது. போட்டுக்கொண்டு வந்தால் கண்ணில் என்ன என்று கேட்பார்கள், எந்தக் கண், எப்போது, அதற்கு முன்னால் எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள், ஒரு கேள்வி வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு கேள்வி வரும். இங்கே யாருக்கும் தெரியாது. சுகந்திக்கு மட்டும் தெரியும், அவள் மீன் கூட்டத்துக்கு வரமாட்டாள். காலையிலிருந்து ஒவ்வொரு தொட்டியிலும் இடது கண்ணை மெல்லச் சுருக்கி வலது கண்ணால்தான் பார்த்துப் பச்சை மாட்டிக்கொண்டு வந்தார். “இந்த வருஷம் அண்ணன் கைதாராளம்,” என்று ஒருவன் சொன்னது காதில் விழுந்தது. யாருக்கும் வலியில்லாமல் மெதுவாக வெள்ளைக்குத் திரும்பிவிடலாம் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தார். தீனி தேறிவிட்டது, தண்ணீர் தேறிவிட்டது, ரத்தம் தேறிவிட்டது. வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக. கணக்கு நன்றாகத்தான் போனது. கழித்ததிலிருந்து ஒன்று தப்பித்து மூன்று வயசு வளர்ந்து, மஞ்சளாகாமல், இப்படித் தோளை அகட்டிக்கொண்டு வந்து நிற்கும் என்பது அதில் இல்லை. இதற்குப் பச்சை மாட்டினால் அது பச்சையோடு நிற்காது. பட்டமே இதற்குத்தான். மேடையில் ஏற்றுவார்கள், யார் வீட்டு மீன் என்பார்கள், ஜெகதா சொல்லுவாள், ஒரு செம்பு மொண்டேன் என்று இதே குரலில் சொல்லுவாள். கூடத்தில் இருக்கிற அத்தனை பேரும் திரும்பித் தங்கள் தங்கள் குழிகளைப் பார்ப்பார்கள்.

“என்ன எத்திராஜண்ணே, மீனுக்கு ஜாதகம் பார்க்குறீங்களா?” சங்கச் செயலாளர் தாமோதரன் மைக்கிலேயே கேட்டான். கூடம் சிரித்தது. “சீக்கிரம் பொருத்தம் சொல்லுங்க, சாம்பார் ஆறுது.” எத்திராஜ் தலையை நிமிர்த்தவில்லை. சிரிப்பு முதுகில் விழுந்து ஓடியது. மாசிலாமணி கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தான். அவன் விரல்கள் தெரிந்தன, கேன் தூக்கித் தூக்கி முட்டி பருத்த விரல்கள். அவனுக்கு என்ன வேண்டும். அதுதான் வினோதம். அவன் கண்ணுக்கும் மீன் வெள்ளையாகத்தான் தெரியும், அவனுக்குப் புரை இல்லை. தெரிந்துகொண்டேதான் கேட்கிறான். மஞ்சள் என்று சொல்லுங்கண்ணா என்று கேட்கிறான். வெள்ளை என்றால் அவன் கை என்ன செய்தது என்று அவனே பார்க்க வேண்டும், வாயைத் திறந்து திறந்து கைக்கு வந்ததை, குழவியை. பாவம். பாவம் என்று நினைத்தபோது நெஞ்சுக்குள் ஏதோ இளகி, வழியும் கிடைத்தது. இவனுக்காக. இவன் தூங்க வேண்டும். இவனுக்காகவாவது இது கழிந்த மீனாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் மஞ்சள் என்று எப்படிச் சொல்வது, பத்துப் பேர் எட்டிப் பார்க்கிறார்கள், மூன்று வருஷம் ஆகியும் அடியில் இருக்கிறது, மேலே வரவில்லை என்றால் சிரிப்பார்கள். வெள்ளையை ஒத்துக்கொண்டு அதையே குற்றமாக்க வேண்டும். அப்படி ஒன்று உண்டு. போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் தீனியை நிறுத்துவது எல்லோரும் செய்வது, தொட்டி அசிங்கமாகாமல் இருக்க. சில பேர் ஒரு மாசத்துக்கு நிறுத்துவார்கள். மீன் காய்ந்து, உடம்பிலிருக்கிற மஞ்சளெல்லாம் வடிந்து, சாவதற்கு முன்னால் ஒரு வெள்ளை வெளுக்கும். பட்டினி வெள்ளை என்று பேர். திருப்பித் தீனி போட்டதும் மஞ்சள் ஏறிவிடும். அது போட்டியில் திருட்டுக் கணக்கு, பிடிபட்டால் அந்த வீட்டு மீன் மறுபடி கயிற்றுக்குள் வர முடியாது. ஆனால் இந்த வயிறு. பட்டினி கிடந்த வயிறா இது, உருளையாக இருக்கிறது. பெண் மீன். முட்டை. முட்டையால் நிற்கிற வயிறு என்றால் முடிந்தது, எவன் அறுத்துப் பார்க்கப் போகிறான். அவருக்குத் தன் கெட்டிக்காரத்தனத்தில் ஒரு கணம் சந்தோஷம் வந்தது, தட்டில் நூறு குஞ்சுக்கு நடுவில் ஒன்றைச் சரியாகக் குறிவைத்துக் கரண்டியால் எடுக்கிறபோது வருகிற அதே சந்தோஷம். அப்போதுதான் அதைப் பார்த்தார். மீன் திரும்பியபோது வாலுக்குப் பின்னால் ஒரு இழை. பச்சையும் பழுப்புமாக, விரல் நீளத்துக்கு ஒரு கழிவு, அறுந்து மெல்ல மெல்ல இறங்கித் தொட்டி அடியில் படுத்தது. நீலத்தில் தெளிவாகத் தெரிந்தது. பட்டினி கிடந்த மீன் கழியாது. காலையில் தின்ற மீன்தான் இப்படிக் கழியும். இதைப் படிக்கத் தெரியாதவன் இந்தக் கூடத்தில் ஒருவன்கூட இல்லை.

“தீனி எப்பம்மா போட்டே?” என்று கேட்டார், குரல் வெளியே வராமல். “இன்னிக்குக் காலையிலதான்,” என்றாள் ஜெகதா, அதே தாழ்ந்த குரலில். “கீரையும் கோதுமை மாவும் பிசைஞ்சு. வெறும் வயித்தோட எப்படிக் கூட்டியாறது? போடக் கூடாதா?” மாசிலாமணி அவள் தோளை இடித்தான். “கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு, மகாராணி.” எத்திராஜ் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்தார், நிதானமாக, இரண்டு மடிப்பு. அவர் சுத்தம் பார்க்கிறவர் என்பது ஊருக்கே தெரியும், தொட்டியில் ஒரு தூசி கிடந்தால்கூடப் பொறுக்கமாட்டார், எத்தனையோ தரம் கையைவிட்டு எடுத்திருக்கிறார். கையைத் தண்ணீருக்குள் விட்டார். மீன் விலகவில்லை. கை என்றால் தீனி என்று பழகிய மீன். வாயைத் திறந்துகொண்டு நேராக வந்து அவர் மணிக்கட்டைத் தொட்டது, மிருதுவாக, ஈரத்துக்குள்ளே இன்னொரு ஈரம், விரல்களை ஒன்றொன்றாக முட்டிப் பார்த்தது. தாயும் இப்படித்தான் வந்திருக்கும். அந்த எண்ணத்தை முழுசாக வரவிடாமல் அடியில் துழாவி, இழையை உள்ளங்கையில் வாரி, விரல்களை மூடிக்கொண்டு கையை வெளியே எடுத்தார். மூடிய கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மற்றக் கை சட்டைப்பைக்குள் போய்ப் பார்க்காமலே நிறத்தைத் தேடியது, இரண்டு கிளிப்பும் தொட்டால் ஒன்று போலத்தான் இருந்தன, குனிந்து பார்த்து எடுக்க வேண்டியதாயிற்று. சிவப்பு. தொட்டி விளிம்பில் மாட்டினார். அது கடித்துக்கொண்டு நின்றது. “பட்டினி வெள்ளை,” என்றார். இத்தனை வருஷத்தில் போட்டியில் அவர் சத்தமாகச் சொன்ன முதல் தீர்ப்பு அதுதான், அதனால் கூடம் முழுக்கக் கேட்டது. “வயிறு முட்டையால நிக்குது. பத்து நாள் தீனி போடுங்க, உள்ள இருக்கிறது மேல வந்துடும்.” ஆ என்று ஒரு சத்தம் எழுந்தது. இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள், வயிற்றைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்கள். தாமோதரன் மைக்கை மூடிக்கொண்டு யாரிடமோ பேரைக் கேட்டான். மாசிலாமணி முகத்தில் இருந்தது என்ன என்று எத்திராஜ் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு. மூன்று வருஷமாக அவனைப் பிடித்து ஆட்டிய ஏதோ ஒன்று இறங்கிப் போய்விட்ட சிரிப்பு, கண்ணில் தண்ணீரோடு. “கேட்டியாடி? கேட்டியா? திருடி! என் அண்ணன் கண்ணுல மண்ணைத் தூவப் பார்த்தியே. தூக்குடி அதை. ராத்திரிக்குப் புளி போட்டுக் குழம்பு வை, நான் தின்னு காட்டுறேன்.” பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி, “மூணு வருஷம் வளர்த்த மீனு, முள்ளு பார்த்துத் தின்னு,” என்றாள். ஜெகதா வாளியைத் தரையில் வைத்தாள். கயிற்றைத் தூக்கி அடியில் நுழைந்து தொட்டிக்கு வந்தாள், ஈரச் சாக்கை விரித்தாள். விரித்த கை அப்படியே நின்றது. அவள் தொட்டியின் அடியைப் பார்த்தாள், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், வைத்துவிட்டுப் போன ஒன்றைத் தேடுகிறவள் மாதிரி. பிறகு அவர் கையைப் பார்த்தாள். “கையில என்னண்ணா?” என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. வலது கண்ணை மூடி இடது கண்ணால் அவளைப் பார்த்தார், அவள் முகம் மஞ்சளாக, கலங்கலாக, எட்டத்தில் இருந்தது. அதில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. நல்ல கண். “அழுக்கு,” என்றார். மூடிய கையைத் திறக்காமல் அடுத்த தொட்டிக்குப் போய்க் குனிந்தார். பின்னால் சாக்குக்குள் மீன் ஒரு தடவை அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது, உதடு ஒன்று என்றது. மறுபடியும் அடித்தது. இரண்டு.